வாவிக்கரைச் செலவு

செலவு என்னுஞ் சொல் இக்காலத்திற் பணத்தை மட்டுமே குறித்து நிற்கின்றது. சம்பள நாளன்று கைக்கு வந்து, மறுநாளே கையை விட்டுப் புறப்பட்டுப் போவது எதுவோ அது செலவு. பழந்தமிழிற் புறப்பட்டுப் போனவன் மனிதன். செல் என்னும் அடியிற் பிறந்த அச்சொல்லுக்குப் பயணம் என்பதே பொருள். பொருள் தேடப் போக நினைந்த தலைவன், தலைவியின் முகம் வாடுதல் கண்டு அன்று போகாது தங்கிவிடுதலைச் செலவழுங்குதல் என்றனர் முன்னோர். போகாமலே விட்டுவிடுதல் அதன் பொருளன்று என்றும், அவளைத் தேற்றிவிட்டுப் போதற்பொருட்டுச் சிறிது தாழ்த்தலே அது என்றும் தொல்காப்பியர் விளக்கமும் தந்துள்ளார்.

இச்சொல்லை அப்பழைய பொருளில் என் மனையாளிடம் ஒருநாள் வழங்கிப் பார்த்தேன். “வருகிற போயாவுக்கு இருவருமாக ஒரு செலவு மேற்கொள்வோமா?” என்றேன். “எவ்வளவு மச்சான்?” என்றாள். முப்பது ஆண்டுக்கு மேல் ஒரு பண்டிதனோடு வாழ்ந்தவளுக்கும் அச்சொல் பணமாகவே கேட்கின்றது. அவளைக் குறைகூற இடமில்லை. எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற 2022ஆம் ஆண்டின் பின்னர், ஆசிரியன் வீட்டில் எந்தப் பயணமும் முதலிற் கணக்காகத்தான் தோன்றும்.

பண்டித வகுப்பிற் கற்பியல் கற்பிக்கும்போதெல்லாம் ஒரு நூற்பாவின் முன் நான் சற்றே நின்றுவிடுவதுண்டு. ஆற்றிலும் குளத்திலும் சோலையிலும் விளையாடி, தம் ஊரெல்லையைக் கடந்து சென்று இன்பம் நுகர்தல், மணந்து வாழும் தலைவனுக்கும் தலைவிக்கும் உரியது என்பது அதன் கருத்து. அஃது எவ்விடத்தில் நிற்கின்றது என்பதை மாணவர் கவனித்தல் வேண்டும். அதற்கு முன்னுள்ள நூற்பாக்கள் பிரிவுக்கு எல்லை கூறுவன. கல்விக்கென்று பிரிந்தவன் 3 ஆண்டைக் கடத்தலாகாது. வேந்தன் ஏவிய தொழிலுக்கென்று பிரிந்தவன் ஓராண்டினுள் மீளவேண்டும். ஏனைப் பிரிவுகளும் அவ்வியல்பினவே. இவ்வாறு பிரிவுக்கெல்லாம் வேலி கட்டியவர், அடுத்த வார்த்தையாகக் கணவனையும் மனைவியையும் ஒருங்கே ஊருக்கு வெளியே அனுப்பிவைக்கின்றார். இதனைக் களவியலில் வைத்திருப்பின் இளையோர் விளையாட்டு என்று தள்ளிவிடலாம். இல்லறத்தைக் கூறும் கற்பியலில் வைத்தார். அதிலும் உரிமையாக வைத்தார்.

அதனை அடுத்து வரும் நூற்பா, முதுமையின் எல்லையை அடைந்தோர் மக்களோடும் அறம்புரி சுற்றத்தோடும் கூடிச் சிறந்தவற்றைப் பயிலுதலைக் கூறுகின்றது. “ஐயா, தங்கள் வயதுக்கு அடுத்த நூற்பாவன்றோ பொருந்தும்?” என்று பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் கேட்டான். வகுப்பு முழுவதும் சிரித்தது, நானும் சிரித்தேன். முன்னதை வாழ்ந்து கழித்தவர்க்குப் பின்னது பொருந்தும், முன்னதை வாழ்தற்கே இடம் கிடையாதவர் யாது செய்வது என்று அவனைத் திருப்பிக் கேட்டேன். அவன் 2006ஆம் ஆண்டிற் பிறந்தவன். என் கேள்வி அவனுக்கு விளங்கவில்லை. விளங்குதற்கு, இந்நாட்டின் அமைப்பையும் எம் தலைமுறை இங்கு வாழ்ந்த காலத்தையும் அவன் அறிதல் வேண்டும்.

மட்டக்களப்பு வாவி வடக்கே பங்குடாவெளிப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனையை அண்மிய இடம்வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கின்றது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்றரை எழுவான்கரை. வாவிக்கு மேற்கேயுள்ள வயல்நிலம் படுவான்கரை. ஞாயிறு எழும் கரையென்றும் படும் கரையென்றும் ஒரு நாட்டின் இரு பாதிக்கும் பெயர் வைத்த மக்களின் கண்ணை நான் வியப்பதுண்டு. நடுவே நீர். எக்கிராமத்தில் நின்றாலும் சிறிது நடந்தால் ஒரு துறை வரும்; துறையின் அக்கரையில் வேறோர் ஊர் தெரியும். தொல்காப்பியர் கூறிய ஊர் கடத்தலுக்கு இதனினும் வாய்ப்பான நாடு யாண்டுண்டு?

ஆயினும் இந்நாட்டுப் பெண்ணுக்கு ஊர் கடத்தல் எளிதில் வாய்ப்பதன்று. ஏனைய இடங்களில் மணமகள் பிறந்த வீட்டை விட்டுப் புகுந்த வீட்டுக்குப் போகின்றாள். அழுதுகொண்டாயினும் ஒரு பயணம் அவளுக்கு உண்டு. தாய்வழிக் குடிமுறை வழங்கும் எம் நாட்டிலோ வீடு பெண்ணுக்குச் சீதனமாக வருவது. மணமகனே பெண்வீட்டுக்கு வந்து வாழ்கின்றான். பெண்ணுக்கு இது பெரும் பாதுகாப்பு. அதனை நான் குறைத்துக் கூறேன். ஆயினும் பிறந்த வளவு, அதன் கிணறு, அயலில் அக்காள் வீடு, அதற்கப்பால் அம்மன் கோயில் என்று அவள் உலகம் ஒரு வேலிக்குள் அமைந்துவிடுகின்றது. நான் களுவாஞ்சிகுடிப் பக்கத்துக்கு மணமாகிப் போன 1994ஆம் ஆண்டில், என் மனையாள் தன் ஊரினின்று ஒரு பகற்பொழுது நடக்கக்கூடிய எல்லையைத் தாண்டிச் சென்ற இடங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

இவ்விடத்திற் கண்ணகியை நினையாதிருத்தல் இயலாது. வைகாசி பிறந்தால் இக்கரையெங்கும் கண்ணகி கோயில்கள் திறக்கப்பெறும், வழக்குரை பாடப்பெறும். தாயென்று நாம் தொழும் அவள் கணவனோடு மேற்கொண்ட பயணம் யாது? கோவலன் கடலாடச் சென்றான். உடன் சென்றவள் மாதவி. கண்ணகியோடு அவன் ஊரெல்லை கடந்தது, பொருளெல்லாம் தொலைந்தபின், சிலம்பு விற்கப் புறப்பட்ட இருட்பொழுதில். புகாரைக் கடந்து ஒரு காதம் நடந்த அளவிலே கால் நொந்து பெருமூச்செறிந்த அப்பேதை, மதுரை எவ்விடத்தது என்று கேட்கின்றாள். முப்பது காதத் தொலைவை அவன் ஒரு சொல்விளையாட்டிலே சிறிதாக்கிச் சொல்லிச் சிரிக்கின்றான். இளங்கோவடிகள் அச்சிரிப்பையும் எழுதிவைத்தார். இவ்விடத்தை வகுப்பில் வாசிக்கும்போது மாணவியர் யாரும் சிரித்ததை நான் கண்டதில்லை.

எம் தலைமுறையார்க்குக் கிடைத்த பயணங்களும் ஏறத்தாழ அவ்வகையினவே. 1983 முதல் 2009 வரை நீடித்த போரில் இவ்வாவி ஓர் எல்லைக்கோடாயிற்று. எழுவான்கரை ஒருவர் ஆட்சியிலும், படுவான்கரையிற் பெரும்பகுதி மற்றொருவர் கையிலும் 2007வரை இருந்தன. துறைகளிற் காவலரண், தோணியேறுவோர்க்குச் சோதனை, பொழுது சாய்ந்தால் வீட்டுக்கதவு சாத்து. புதிதாய் மணந்தவர் மாலையில் வாவிக்கரையில் உலாவினர் என்பது அக்காலத்திற் கற்பனையாகவும் தோன்றாது. இவற்றின் நடுவே 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் கடல் புகுந்தது. நாவலடியும் கல்லடியும் திருச்செந்தூரும் பட்ட பாட்டை இங்கு விரித்தல் வேண்டா. அன்று ஞாயிற்றுக்கிழமை, முழுநிலா நாளுங்கூட. அதன் பின்னர், போயா நாளிற் கடற்கரைக்குப் போவதென்றால் என் மனையாளின் முகம் கறுத்துவிடும். ஆகவே எம் செலவுகள் யாவும் வாவியை நோக்கியே அமைந்தன.

இனிச் செலவுக்கு ஆயத்தமாதல் பற்றிச் சில கூறுவேன். ஆசிரியர்க்கு இந்நாட்டில் ஒரு பேறு உண்டு. முழுநிலா நாள் எல்லாம் விடுமுறை. பாடக்குறிப்பு எழுதுவதுபோல ஆண்டுத் தொடக்கத்திலேயே போயா நாட்களைக் குறித்துக்கொள்ளலாம். ஐப்பசி தொடங்கி மார்கழி, தைவரை வாடைக்காற்றும் மழையும். வாவி பெருகி வயலும் வீதியும் ஒன்றாகும் காலம். வைகாசிக்குப் பின் கச்சான் காற்று. நண்பகலில் அக்காற்று முகத்தில் அறையும்போது உலாவும் எண்ணம் ஒருவர்க்கும் எழாது. இரண்டுக்கும் இடையே மாசி, பங்குனி, சித்திரை ஆகிய மூன்று மாதமும் பொன்னானவை. நீர் நிறைந்து தெளிந்திருக்கும். படுவான்கரையில் வேளாண்மை வெட்டு முடிந்த வயல்களில் கொக்கும் நாரையும் மேயும்.

நாளும் காற்றும் அமைந்தபின் எழும் பெருந்தடை சுற்றத்தார். நாங்கள் புறப்படுவது தெரிந்தவுடன் மாமி வருவதாகச் சொன்னார். மச்சினிச்சி தன் பிள்ளைகளை ஏற்றிவிடுவதாகச் சொன்னாள். வான் ஒன்று பிடிக்கலாம் என்ற யோசனை பிறந்தது. வான் பிடித்தால் என்ன நிகழும் என்பதை நேயர் அறிவர். பெண்கள் விடியற்காலை 3 மணிக்கு எழுந்து இருபது பேருக்குச் சமைப்பர். போன இடத்திற் பரிமாறுவர். திரும்பி வந்து பாத்திரம் துலக்குவர். அடுப்பை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தூக்கிச் செல்வதை உல்லாசப் பயணம் என்று அழைக்கின்றோம்! சுற்றத்தோடு போவதற்குத் திருவிழாக்கள் போதிய அளவு உள. கதிர்காமத்துக்கு நடந்து போவோரும் நேர்த்தி வைத்தே போகின்றனர். இருவர் செலவுக்கு நேர்த்தியும் வேண்டா, வானும் வேண்டா. எம் வீட்டிற் செய்துகொண்ட ஏற்பாடு இது: இடத்தை அவள் தெரிவாள், உணவை நான் பார்த்துக்கொள்வேன். என் சமையற் புலமை தேநீரோடு முடிவதால், உணவு கடையிலிருந்து வரும்.

முதற்செலவுக்கு அவள் தெரிந்த இடம் மண்டூர். ஆவணித் திருவிழாவில் இந்நாடே திரளும் முருகன் பதி அது. சின்னக் கதிர்காமம் என்பர். பூசகர் வாயைத் துணியாற் கட்டிக்கொண்டு மௌனமாகப் பூசை செய்யும் மரபு அங்குண்டு. நாங்கள் போனது பங்குனியில், திருவிழா எதுவுமில்லாத நாளில். குருமண்வெளித் துறையிலிருந்து வாவியைக் கடத்தல் வேண்டும். கடத்துவிக்கும் ஊர்திக்கு இங்கே பாதை என்று பெயர். மிதவைகளின்மேல் தளம் அமைத்து, மனிதரையும் மோட்டார் சைக்கிள்களையும் சேர ஏற்றிச் செல்வது அது. பாதை வந்துவிட்டதா, பாதை போய்விட்டதா என்று துறையில் நிற்போர் கேட்பதை வெளியூரார் கேட்டால் மருள்வர். இருந்த இடத்திலேயே கிடக்க வேண்டிய பாதை தானே புறப்பட்டு வந்து, நம்மைச் சுமந்துகொண்டு மீள்கின்றது. இலக்கணத்திற்கு இதனை எந்த ஆகுபெயரில் அடக்குவது என்று நான் இன்னும் துணியவில்லை.

பாதையோட்டி எம்மைப் பார்த்து, “பூசையா ஐயா?” என்றார். இல்லை என்றேன். “செத்தவீடா?” அதுவும் இல்லை. “அப்ப கலியாணமா?” மூன்றும் இல்லையென்றதும் அவர் முகத்தில் ஓர் ஐயம் படர்ந்தது. “சும்மாதான் போகிறோம்” என்றேன். “சும்மாவா!” என்று அவர் சொன்ன தொனி இன்னும் என் காதில் உள்ளது. அருணகிரியாருக்கு முருகன் உபதேசித்தது சும்மா இருத்தலையே என்று அவருக்குச் சொல்ல வாய்திறந்தேன். மனையாள் என் கையை மெல்லக் கிள்ளினாள். பண்டிதர்க்குப் பக்கத்தில் இத்தகைய அணை ஒன்று இருத்தல் நன்று.

கோயிலில் அதிக நேரம் நிற்கவில்லை. துறையருகே ஒரு மரநிழலில் தயிர்ச்சட்டியும் வாழைப்பழமும் சோற்றுப் பார்சலுமாக அமர்ந்தோம். எருமைத்தயிரின் சுவையை மட்டக்களப்பாரிடம் புகழ்ந்துரைத்தல் வேண்டா. உண்டு முடிந்தபின் அவள் நெடுநேரம் நீரைப் பார்த்திருந்தாள். தூரத்தில் ஒருவன் இடுப்பளவு நீரில் நின்று வீச்சுவலை எறிந்துகொண்டிருந்தான். திடீரெனச் சொன்னாள்: “தொண்ணூறாம் ஆண்டு இந்தத் துறையாலதான் வந்த நாங்க. இரவு. அம்மா தையல் மெசினத் தோணியில ஏத்திப்போட்டு, என்னை அதப் பிடிச்சிக்கொண்டு இருக்கச் சொன்னா. நான் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்த நான். இந்தத் தண்ணி இவ்வளவு அகலமெண்டு இண்டைக்குத்தான் மச்சான் பாக்கிறன்.”

1990ஆம் ஆண்டு ஆனியில் மீண்டும் போர் மூண்டபோது எழுவான்கரை மக்கள் பலர் அவ்வாறு அக்கரைக்கு ஓடினர் என்பதை நான் அறிவேன். அவள் ஓடியதும் தெரியும். தையல் இயந்திரம் தெரியாது. கண்ணை மூடியிருந்தது தெரியாது. அத்தையல் இயந்திரம் இன்றும் எம் வீட்டு விறாந்தையில் நிற்கின்றது. என் சட்டைக்குப் பொத்தான் தைப்பதும் அதன் அருகிலிருந்துதான். வீட்டில் அவளுக்கு அதைக் கூற நேரமில்லை. கேட்க எனக்கும் ஓர் இடைவெளி வாய்க்கவில்லை. அடுப்பும் பாடசாலை மணியும் பிள்ளைகளின் பரீட்சையும் இல்லாத ஒரு மரநிழல் அதற்குத் தேவைப்பட்டது. பரிபாடல் திருப்பரங்குன்றத்துக்குச் செல்லும் மக்களைக் காட்டுகின்றது. ஆங்குள்ள ஓவியங்களைக் கண்டு இவர் யார், இவர் யார் என ஒருவர் கேட்க, மற்றவர் விடை சொல்கின்றனர். அக்காட்சியைக் கலை இன்பம் என்று உரைத்துவந்த நான், இப்பொழுது அதனோடு ஒன்று கூட்டிச் சொல்கின்றேன். ஊருக்கு வெளியே போனால் மனிதர் ஒருவரையொருவர் கேள்வி கேட்கின்றனர்.

மீளும்போது அவள் பாதையின் விளிம்பிலே நின்றுகொண்டு வந்தாள். துறையில் இறங்கியதும், “மறுகா எப்ப?” என்றாள்.

அடுத்தது சித்திரைப் போயாவில், கல்லடிப் பாலத்தில். 1924ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற பழைய இரும்புப் பாலம் மானிங் சீமாட்டி பெயரைத் தாங்கியது. 2013இல் அதன் பக்கத்திலே புதிய பாலம் எழுந்தபின் கனத்த வாகனமெல்லாம் அங்கே போயின. கிழவி இப்பொழுது இளைப்பாறுகின்றாள். உலாவுவோர்க்கு இதனினும் நல்ல இடமில்லை. முழுநிலாவில், காற்றடங்கிய இரவிற் பாடும் மீனின் ஒலி கேட்பதும் இதன் அயலிலேதான். தோணியிலிருந்து துடுப்பை நீரில் இறக்கி, மறுநுனியைக் காதோடு பொருத்துதல் வேண்டும். 1848ஆம் ஆண்டில் இங்கு வந்த எமெர்சன் தெனன்ற் என்னும் ஆங்கில அதிகாரி இவ்வொலியைத் தம் காதாற் கேட்டு, நனைந்த விரலாற் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கும்போது எழும் மெல்லொலிக்கு ஒப்பிட்டு எழுதிவைத்தார். ஒலிப்பது மீனன்று, ஊரி என்று அக்காலப் படகோட்டிகள் அவருக்குச் சொன்னார்கள். 1954இல் இயேசு சபைத் துறவியார் லாங் இதனை ஒலிப்பதிவு செய்தார். மீனா ஊரியா என்னும் வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. காரைதீவு தந்த விபுலாநந்த அடிகள் இரண்டையும் விட்டு, பாடுவோர் நீரரமகளிர் என்று கவிதையிலே தீர்த்துவைத்தார். யாழின் சுருதிகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து 1947இல் யாழ்நூலை வெளியிட்ட செவி அவருடையது. அத்தீர்ப்பை மறுக்க நான் யார்?

எமக்குக் கேட்டதா என்று வினவுவீர்கள். ஒரு மீனவத் தம்பி தோணியில் ஏற்றிச் சென்று துடுப்பைத் தந்தான். என் காதில் விழுந்தது புதிய பாலத்தின்மீது ஓடிய லொறியின் அதிர்வு. பின்னர் அவள் வாங்கிக் காதில் வைத்தாள். வைத்தவள் எடுக்கவில்லை. “என்ன கேக்குது?” என்றேன். “கொஞ்சம் பேசாம இருங்க” என்றாள். தம்பி சிரித்துவிட்டுத் தோணியைப் பாலத்தின் நிழலினின்று விலக்கினான். கோட்டைப் பக்கத்து விளக்குகள் நீரில் நீண்டு கிடந்தன. 1628இற் பறங்கியர் எழுப்பி, 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய அக்கோட்டையைப் பற்றி நான் சொல்ல நினைத்ததெல்லாம் சொல்லப்படாமலே போயிற்று. நட்டமில்லை.

என்னிடம் படித்த ஒருவன் அண்மையில் விடுமுறையில் வந்திருந்தான். கட்டார் நாட்டில் வேலை. ஒரு மாத விடுமுறை; அதிற் பாதி வீட்டுக்கூரை வேலையிலும், மீதி உறவினர் வீட்டு விருந்திலும் கழிந்தன. மணமாகி ஆறாண்டில் மனைவியோடு ஒன்றாயிருந்த நாட்களை எண்ணிச் சொன்னான். மகளிரோடு கடல் கடத்தல் வழக்கமில்லை என்று தொல்காப்பியர் எழுதினார். இன்று இவ்வாவிக்கரைப் பெண்கள் கணவரும் பிள்ளைகளும் இக்கரையில் நிற்கத் தனியே கடல் கடந்து பிறர் வீட்டில் அடுப்பெரிக்கின்றனர். பிரிவுக்கு அவர் கட்டிய வேலிகள் யாவும் பிடுங்கப்பட்டுவிட்டன. வறுமை பிடுங்கியதை இலக்கணங் கூறித் திருத்தவியலாது. அவனிடம் நான் கேட்டது ஒன்றே. எஞ்சியிருந்த ஒன்பது நாளில் ஒரு நாளை எடுத்து, விருந்துக்கு வருவதாகச் சொன்ன வீட்டாருக்கு வரவில்லையென்று சொல்லியனுப்பிவிட்டு, இருவருமாக மண்முனைப் பக்கம் போய்வரும்படி கூறினேன். 2014இற் பாலம் வந்தபின் அங்கே துறையிற் காத்திருக்க வேண்டியதில்லை. கொக்கட்டிச்சோலைவரை சென்று பொழுது சாயுமுன் வீடு சேரலாம். “அம்மா கோவிப்பா சேர்” என்றான். அம்மாவுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். போனார்கள்.

எங்கள் அடுத்த செலவுக்கும் இடம் தெரிந்தாயிற்று. பாலமீன்மடு. 1913ஆம் ஆண்டில் எழுந்த வெளிச்சவீடு அங்கே நிற்கின்றது. கண்டல் மரங்களினூடே வாவி கடலைச் சேரும் முகத்துவாரம் அருகில் உள்ளது. வாவிப்பக்கமே நின்றுவிட்டுத் திரும்பலாம் என்றேன். வேண்டாம், கடல் தெரியும் இடம்வரை போவோம் என்று சொல்லிவிட்டாள். 2004இன் பின்னர் அவள் வாயில் அச்சொல் வந்தது இதுவே முதன்முறை. வெள்ளெனப் புறப்பட்டு வெயில் ஏறுமுன் மீள்வதாக ஏற்பாடு. சோறும் கறியும் வேண்டாமாம். பாணும் வாழைப்பழமும் கொஞ்சம் கச்சானும் போதுமாம். வாங்கிவைப்பது என் பொறுப்பு.